மூவாயிரத்து எண்ணூறு திருமதிகள்

பதினொன்று நாற்பது ஆகிவிட்டது, ஒரு மணிக்குள் முடித்துவிடுகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது, கை இன்னும் டீ கிளாஸைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. தங்கபுஷ்பம் அக்கா போனை வைத்து ஐந்து நிமிஷம் இருக்கும். அவர்தான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பவள விழாக் கமிட்டிக்குச் செயலாளர். பழைய மாணவிகள் எல்லோர் பெயரும் விலாசமும் போட்டு ஒரு கையேடு, அதைப் பக்கம் கட்டித் தருவது என் வேலை, ஒரு மணிக்கு அச்சகத்தில் பிளேட் போட ஆரம்பிப்பார்கள். இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு ஞானோதயம் வந்திருக்கிறது. புரூஃபில் தன் பெஞ்சுக்காரி ராஜலட்சுமியைத் தேடினாராம், கிடைக்கவில்லையாம், முப்பது ராஜலட்சுமி இருக்கிறார்களாம், எல்லோருக்கும் புருஷன் இனிஷியலாம். நமக்குத் தெரிந்தது சு. ராஜலட்சுமி, இங்கே இருப்பது வே. ராஜலட்சுமியோ மா. ராஜலட்சுமியோ, வேலாயுதத்தையும் மாரியப்பனையும் நாம் எங்கே கண்டோம் என்கிறார். நியாயம்தான். வகுப்பில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு கூப்பிட்டார்கள், தாலி ஏறியதும் அந்த எழுத்து இறங்கிப் புருஷன் எழுத்து ஏறிவிட்டது, இப்போது ஒருத்தியை ஒருத்தி தேடினால் இரண்டு பேரும் வேறு ஆள். எல்லோரையும் பள்ளிக்கூடப் பெயருக்கே மாற்றி, இப்போதைய பெயரை அடைப்புக்குறியில் போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றால் விட்டிருப்பார். ஆனால் கடைசியாக ஒன்று சொன்னார்: “நாப்பது வருஷம் தபால்ல குப்ப கொட்டுனவ சொல்லுதேன் ஆவுட, பேரு சரியா இருந்தாத்தான் கடுதாசி போய்ச் சேரும். இல்லன்னா அனுப்புனவ கைக்கே திரும்பி வந்துரும்.” கடுதாசி என்றதும், அரை மணி போதும் அக்கா என்று சொல்லிவிட்டேன்.

அரை மணி என்பது கொஞ்சம் பெருமைக்குச் சொன்னது. கையால் செய்தால் நாலு நாள். மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம். டீ கிளாஸை ஜன்னல் கட்டையில் வைத்தாயிற்று. கீழே தெற்கு பஜாரில் ஒரு பூக்காரி யாரையோ வைதுகொண்டிருக்கிறாள், அதுகூட இன்றைக்கு நன்றாக இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அகராதி வேலை வந்தபோது இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். ரெஜெக்ஸ் என்று பேர். நான் சல்லடை என்பேன், வீட்டில் இவர் உன் சல்லடை வேலை முடிந்ததா என்றுதான் கேட்பார். சாதாரணமாகத் தேடுவது என்றால் ஒரு சொல்லைக் கொடுத்து அந்தச் சொல்லைத் தேடுவது. இது அப்படியில்லை, சொல்லைக் கொடுக்க வேண்டாம், சொல்லின் சாயலைக் கொடுத்தால் போதும். முதலில் திருமதி வரும், பிறகு ஒரு எழுத்தும் புள்ளியும், பிறகு ஒரு பெயர், பிறகு அடைப்புக்குறிக்குள் தகப்பனார் என்ற சொல், அதன் பின்னால் யாரோ ஒருவர், கணவர் என்ற சொல், அதன் பின்னால் வேறு யாரோ ஒருவர். யார் என்று எனக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இந்தச் சாயலில் இருக்கிற எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்றால் மூவாயிரம் பேரும் திரையில் மஞ்சள் பூசிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். இந்த மஞ்சளைப் பார்க்கிற நிமிஷம் இருக்கிறதே, அதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

எல்லோருமே திருமதி, அது கமிட்டியின் கைங்கரியம். படிவத்தை அடிக்கும்போதே முன்னால் திருமதி என்று அச்சடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவள் வேறு என்னவாகியிருப்பாள் என்று நினைத்துவிட்டார்கள் போல. கன்னியாஸ்திரி ஆனவர்கூட அந்தத் திருமதிக்குப் பின்னால்தான் தன் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் இரண்டு பெண்கள் ஒரு வருஷமாக உட்கார்ந்து, படிவத்தில் இருந்ததை இருந்தபடி அடித்திருக்கிறார்கள், ஒரு கால்புள்ளி விடவில்லை. என் வரியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். திருமதி க. ஆவுடையம்மாள், அடைப்புக்குறி, தகப்பனார் சுப்பையா, கணவர் கந்தையா, அடைப்புக்குறி, 1993, பாளையங்கோட்டை, போன் நம்பர். அது சு. ஆவுடையம்மாள் ஆக வேண்டும். சு. ஆவுடையம்மாள். இந்தப் பெயரை யாராவது கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. ரேஷன் கார்டு முதல் வங்கிப் புத்தகம் வரைக்கும் க. தான், கந்தையா நல்ல மனுஷன், அவர் எழுத்தைச் சுமப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் சு. என்றவுடனே மூன்றாவது பெஞ்சும், ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரமும், உள்ளேன் ஐயா என்று சொல்வதற்கு முன்னாலேயே என் இடுப்பில் கிள்ளுகிற ஒரு கையும் ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தக் கை யாருடையது என்று இப்போது நினைக்க வேண்டாம். பன்னிரண்டு அடிக்கப் போகிறது.

சாயலை எழுதியாயிற்று. இந்தச் சல்லடையில் புள்ளி என்றால் ஏதோ ஒரு எழுத்து. அதன் பின்னால் நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும். எதுவுமே இல்லாவிட்டாலும் சரி, ஒன்றுமில்லாததும் அதற்கு ஒரு பொருத்தம்தான், அதனால்தான் அந்த நட்சத்திரத்தை எனக்குப் பிடிக்கும், வெறுங்கையோடு வருகிறவளையும் உள்ளே விடும். எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு இடத்தில் மாற்றப்பட்டது என்று வந்தது. ஒரு இடத்தில். மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு அல்ல, ஒன்று. திரையில் ஒரே ஒரு வரி இருக்கிறது. 1950-ஆம் வருஷத்து முதல் மாணவியின் பெயர், போன வருஷம் படித்து முடித்தவளின் போன் நம்பர், நடுவில் இருந்த ஊரே காலி. எழுபத்தைந்து வருஷத்துப் பெண்களும் சேர்ந்து ஒரே திருமதியாகிவிட்டார்கள். நேற்றைய வேலைக்காக, புள்ளி ஒரு வரியைத் தாண்டியும் போகலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன், அதை எடுக்கவில்லை. நட்சத்திரத்துக்குப் பேராசை, முதல் அடைப்புக்குறியில் வாயைத் திறந்து கடைசி அடைப்புக்குறியில்தான் மூடும், நடுவில் எது வந்தாலும் விழுங்கும், வரி தாண்டலாம் என்றும் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். கண்ட்ரோல் இசட். எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். செய்ததை இப்படி ஒரு விரலில் திருப்ப முடிகிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அப்படியா இருக்கிறது. செய்தது செய்ததுதான்.

சரி, நினைத்துவிட்டேன், இனி அது போகாது. முப்பிடாதி. இடுப்பில் கிள்ளுகிற கை அவளுடையது. அ. முப்பிடாதி, அப்பா அருணாசலம், மின்வாரியத்தில் லைன்மேன். எங்கள் வகுப்பில் அந்தப் பெயர் ஒருத்திக்குத்தான், இந்த நாலாயிரம் பேரில் தேடினால்கூட ஏழெட்டுக்கு மேல் இருக்காது. கண்ட்ரோல் எஃப், பெயர், ஒரு தட்டு, ஒரு விநாடி. ஒரு மாதமாக இந்தக் கோப்பு என் கையில் இருக்கிறது, அந்த ஒரு விநாடியை நான் செலவழிக்கவில்லை. ஒரு நாள் மு அடித்தேன், ப் அடித்தேன், அழித்துவிட்டு மிளகாய் வாங்கப் போய்விட்டேன். இல்லை என்று வந்தால் என்ன அர்த்தம் என்பதுதான் பயம். இல்லையென்றால் அவள் படிவம் அனுப்பவில்லை, அனுப்பவில்லையென்றால் இந்தப் பள்ளிக்கூடமும் நானும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள், இல்லாவிட்டால் ஆளே இல்லை. இருக்கிறாள் என்று வந்தாலும் பயம்தான், இருந்தால் பேச வேண்டும், பேசினால் சொல்ல வேண்டும். போதும், கேள்விக்குறியைப் போடு. நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் அதன் பேராசை அடங்கிவிடும், முதலில் வருகிற அடைப்புக்குறியிலேயே போதும் என்று நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கையும் எடுத்தாயிற்று. கணவர் என்ற இடத்தில் நட்சத்திரமே வேண்டாம், ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ இருக்கலாம், வெறுமனே கோடு போட்டிருந்தாலும் சரி, அதற்கு மேல் நீளமாக எந்தப் புருஷன் பெயரும் இருக்காது.

1993, ஜூன். மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் பாலிடெக்னிக், இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் வாங்கினோம், ஆசை என்னவோ என்னுடையதுதான், அவளை நான்தான் இழுத்தேன். ஒரே அறையில் தங்கலாம், சனிக்கிழமை சினிமாவுக்குப் போகலாம் என்று நானே பேசிக்கொண்டிருப்பேன், அவள் உம் கொட்டுவாள். தபாலாபீஸ் என் வீட்டு வழியில் இருந்ததால் தன் கவரையும் என்னிடம் கொடுத்தாள், சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டியிருந்தாள், இன்னும் ஈரமாக இருந்தது. காய்வதற்காக அதை அட்லஸுக்குள் வைத்தேன். என் கவரை மட்டும் பெட்டியில் போட்டேன். வேண்டுமென்று இல்லை, சத்தியமாக இல்லை, மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அட்லஸைத் திறந்தால் ஆப்பிரிக்காவின் மேல் அவள் கவர் கிடக்கிறது. கடைசித் தேதி போயிருந்தது. எனக்கு இடம் கிடைத்தது, அவளுக்கு ஒன்றும் வரவில்லை, வருமா. பஸ் ஏற்றிவிட வந்தாள், கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தாள், நான் ஜன்னல் வழியாக அவள் முகத்தைப் பார்க்காமல் கொய்யாப்பழத்தைப் பார்த்தேன். இரண்டு கடிதம் போட்டாள். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும், சொல்லாமல் எழுதினால் பொய், அதனால் எழுதவே இல்லை. அவள் அப்பாவுக்குக் கோவில்பட்டிக்கு மாற்றல், அதோடு போயிற்று. அந்தக் கவர் இன்னும் என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில், ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. பிரிக்கத் தைரியம் வந்ததில்லை. இவருக்குக்கூடத் தெரியாது.

பன்னிரண்டு பத்து. சின்னதாக ஒரு பரீட்சை, பத்து வரியை மட்டும் எடுத்து மாற்றிப் பார்த்தேன். முத்தையா மகளுக்கு மு. வர வேண்டிய இடத்தில் ம. வந்து நிற்கிறது. அட, ஆமாம், இந்தப் புள்ளி வெளியூர்ப் புள்ளி, நம் எழுத்தில் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கொம்பையும் காலையும் அங்கேயே விட்டுவிடும். உடம்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதும் சேர்ந்துதான் ஒரு எழுத்து என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். மறுபடியும் பத்து வரி. மு., ஆ., சு., பே., எல்லா அப்பாக்களும் முழுசாக வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் மாற்று. ஒரு கண் சிமிட்டல். மூவாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது இடங்களில் மாற்றப்பட்டது.

ஐயோ, என்ன அழகு. மேலிருந்து கீழே உருட்டுகிறேன், உருட்டிக்கொண்டே இருக்கிறேன். நேற்று வரைக்கும் அத்தைகளும் சம்பந்தியம்மாக்களும் ஓய்வுபெற்ற தாசில்தாருமாக இருந்தவர்கள் ஒரே விநாடியில் ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பே. இசக்கியம்மாள், ஓட்டப் பந்தயத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவள். ஞா. ஜெபமலர், பிரேயரில் மயங்கி விழுவாள், விழுவதற்கு முன்னால் இடம் பார்த்துக்கொள்வாள். தங்கபுஷ்பம் அக்காவின் சு. ராஜலட்சுமி இதோ இருக்கிறார், இப்போது வே. ராஜலட்சுமி, விளாத்திகுளம், போன் நம்பரோடு. அக்கா இன்றைக்கே கூப்பிடுவார், இரண்டு பேரும் என்னவெல்லாம் பேசுவார்களோ. இதோ நான், சு. ஆவுடையம்மாள். உள்ளேன் ஐயா என்று வாய்விட்டுச் சொன்னேன். இவ்வளவு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், ஒருத்தியைத் தவிர. 1993-க்கு வந்தபோது மட்டும் வேகமாக உருட்டினேன், கண்ணைக்கூடச் சுருக்கிக்கொண்டேன், அ. என்று தொடங்குகிற பெயர்கள் வந்தபோது திரையைப் பார்க்கவே இல்லை. அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது, திரும்ப மேலே போய் அ. என்று தொடங்குகிற வரிகளை மட்டும் நிதானமாகப் பார்த்தேன். அ. அமுதவல்லி, அ. கிருபா, அ. வேலம்மாள். அவள் இல்லை. ஒரு மாதம் பயந்தது இவ்வளவுதான், இல்லை. பூக்காரியின் சத்தம் ஓய்ந்திருந்தது, டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. சரி, அவள் அனுப்பவில்லை, ஏன் அனுப்ப வேண்டும். மிச்சம் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பார்ப்போம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சல்லடையில் தங்குகிறவர்கள் எப்போதும் உண்டு. மாறியவர்களுக்கு முன்னால் இருந்த திருமதி உதிர்ந்துவிட்டது, இன்னும் திருமதி என்றே தொடங்குகிற வரிகளை மட்டும் காட்டு என்றேன், வரிசையாக வந்தார்கள். தகப்பனார் என்பதை அடித்துத் தாயார் என்று திருத்தி, அம்மா பெயரைக் கொடுத்த நாலு பேர். நம் கன்னியாஸ்திரி, கணவர் என்ற இடத்தில் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து என்று எழுதியிருக்கிறார், மூன்று சொல், என் கணக்கில் அடங்கவில்லை, மன்னிக்க வேண்டும் சிஸ்டர். ஒரு அக்கா, முதல் கணவர், இரண்டாம் கணவர் என்று இருவரையும் மறைக்காமல் போட்டிருக்கிறார், நீர் வாழ்க. ஒருவர் கணவருக்கு எம்.ஏ., பி.எட்., ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார். ஒவ்வொருவரையும் கையால் மாற்றினேன். பன்னிரண்டு ஐம்பது. இருபத்துமூன்றாவது வரி திரையின் வலது பக்கம் தாண்டி ஓடியது, யார் இவ்வளவு நீளமான புருஷன் என்று உருட்டினேன். திருமதி அ. முப்பிடாதி, தகப்பனார் அருணாசலம், கணவர் அப்படி ஒருவர் இல்லை, நான் தேடவும் இல்லை, யாரென்று ஆவுடை கேட்டால் மட்டும் இந்த நம்பருக்குப் பேசச் சொல்லவும், 1993, கோவில்பட்டி. அதன் பின்னால் பத்து எண்கள்.

இதை அந்தக் கம்ப்யூட்டர் அறைப் பெண் கொஞ்சமும் சிரிக்காமல் அடித்திருப்பாள் என்பதுதான் முதலில் தோன்றியது. எல்லோரும் ஒரே சாயலில் நின்றதால் எல்லோரையும் பிடித்த சல்லடை, அவளை மட்டும் பிடிக்க முடியாமல் என் கையில் விட்டிருக்கிறது. போனை எடுத்து எண்களை அழுத்தும்போது யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் மறுபடியும் மிளகாய் வாங்கப் போயிருப்பேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம், ஒன்றல்ல, பத்துப் பதினைந்து இருக்கும். யாரு என்றாள். சு. ஆவுடையம்மாள் என்றேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மிஷின் சத்தம் குறைந்தது, வெளியே வந்திருப்பாள். ஏட்டி, என்றாள், அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். நான் நலம் விசாரிக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை, முப்பத்திரண்டு வருஷமாக எழுதாத கடிதத்தின் முதல் வரியை அப்படியே சொன்னேன். ஒன் விண்ணப்பத்த நான் பெட்டில போடல முப்பிடாதி, அட்லஸுக்குள்ள மறந்து வச்சிட்டேன், ஒனக்கு எடம் கெடைக்காததுக்கு நாந்தான் காரணம் என்று சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

அவள் கேட்டாள்: “அந்தக் கவரு இப்ப எங்கட்டி இருக்கு?”

“பீரோல இருக்கு.”

“பிரிச்சுப் பாத்தியா?”

“இல்ல. எப்படிப் பிரிப்பேன்?”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிரேயரில் சிரித்து வெளியே நிறுத்தப்பட்ட அதே சிரிப்பு, மூச்சு முட்டுகிற சிரிப்பு. “கோட்டிக்காரி, அதுக்குள்ள ஒன்னுமே கெடையாது. விண்ணப்பப் பாரம் வெறும் பாரந்தான், பேருகூட எழுதல. தையல் படிக்கணும்னு இருந்தேன், நீ மதுர மதுரன்னு குதிச்சுக்கிட்டு இருந்த, வரலன்னு சொன்னா மொகம் வாடிரும்னு ஒட்டிக் குடுத்துட்டேன். அது தெரிஞ்சுபோயித்தான் நீ கடுதாசி போடலன்னு நா இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

நானும் சிரித்தேனா அழுதேனா என்று கீழே இருக்கிற பூக்காரியைத்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன், கவரையும் கொண்டு வா என்றாள். வேலையாக இருக்கிறாயா என்று கேட்டாள், அவள் வரியை வாசித்துக் காட்டினேன், இதை மாற்ற வேண்டும் என்றேன். அத அழிச்சிராத, எவளாவது வாசிச்சுச் சிரிக்கட்டும் என்றாள். போனை வைத்த கையோடு தங்கபுஷ்பம் அக்கா கூப்பிட்டார், மணி ஒன்றாக மூன்று நிமிஷம், எல்லாரையும் பழைய பேருக்கு மாத்தியாச்சா ஆவுட என்றார்.

“மாத்தியாச்சுக்கா,” என்றேன். “ஒருத்தி மட்டும் அப்பிடியே இருக்கா.”